வெயிலில் சேர்த்து மழையில் உண்ணல்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வீட்டு உணவுச் சேமிப்பு

வீட்டு உணவுச் சேமிப்பு என்பது ஒரு பருவத்தில் மிகுதியாகக் கிடைக்கும் தானியம், பயறு, காய், கனி, மீன் ஆகியவற்றைக் கெடாமல் பக்குவப்படுத்தி, அவை கிடைக்காத பருவத்துக்கு எடுத்துவைக்கும் முறையாகும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இது அவித்த நெல், வற்றல், வடகம், அப்பளம், ஊறுகாய், கருவாடு, பொடி எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கைப்பக்குவங்கள் போலத் தோன்றும். ஆனால் அனைத்தும் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றே: உணவிலுள்ள நீரை நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் செய்வது. அந்த வேலை நடக்கும் காலம் வெயில். பலன் தேவைப்படும் காலம் மழை. இந்த அடிப்படை புரிந்தால், பாட்டிமார் சொல்லும் பக்குவங்களில் எதை விடலாம், எதை விடவே கூடாது என்பதும் விளங்கும்.

வட்டாரமும் பருவமும்

1993 வரை தென் ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இன்றைய கடலூர் மாவட்டத்தில் மூன்று வகை நிலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் செம்மண் மேடு. அங்கே பலா, முந்திரி, மணிலா விளைகின்றன. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் கொள்ளிடமும் வீராணம் ஏரியும் பாயும் களிமண் வயல். அங்கே சம்பா நெல்லும், அதைத் தொடர்ந்து உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. கிழக்கே கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை எனக் கடற்கரை ஊர்கள், அங்கே மீன். செம்மண் காட்டின் பலாக்கொட்டையும் வயல்பக்கத்து உளுந்தும் கடற்கரையின் கருவாடும் ஒரே அடுக்களையில் சேரும் அளவுக்கு இந்நிலங்கள் நெருங்கியவை.

இவ்வட்டாரம் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிப் பெறுகிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் இங்கேதான் கடலில் கலக்கின்றன. எனவே மேற்கே பெய்யும் மழையின் வெள்ளமும் இங்கே வந்து சேரும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2015 இறுதியில் பெய்த பெருமழையில் மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய நாட்களில் கடைக்குக் காய் வராது. படகு கடலுக்குப் போகாது. அடுப்பெரிக்க உலர்ந்த விறகுகூட அரிதாகும்.

இதற்கு நேர்மாறான காலம் மாசி முதல் ஆனி வரை. தை மாதத்தில் சம்பா அறுவடை முடிகிறது. நெல் அறுப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே ஈர வயலில் தூவிய உளுந்தும் பயறும் பங்குனியில் கைக்கு வருகின்றன. புளி உலுக்குவதும், மிளகாய்ப்பழம் காயவைப்பதும், மாவடு வருவதும், முந்திரி பொறுக்குவதும், பலா பழுப்பதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. மே மாதத்தில் கத்திரி வெயில் அடிக்கிறது. விளைச்சலும் வெயிலும் சேர்ந்து வரும் இந்த நான்கைந்து மாதமே வீட்டுச் சேமிப்பின் வேலைக்காலம்.

உணவு கெடுவது ஏன்?

பாக்டீரியா, பூஞ்சை, ஈஸ்ட் ஆகிய நுண்ணுயிர்கள் வளரத் தண்ணீர் வேண்டும். உணவில் மொத்தம் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அதில் எவ்வளவு அவற்றுக்குப் பயன்படும் நிலையில் உள்ளது என்பதே முக்கியம். இதை அளக்கும் அளவுக்கு நீர்ச்செயல்பாடு என்று பெயர். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. பெரும்பாலான பூஞ்சைகள் ஏறத்தாழ 0.7-க்குக் கீழே நின்றுவிடும். 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது.

இந்த அளவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெயிலில் நீரை வெளியேற்றுவது. மற்றொன்று, நீர் உள்ளே இருந்தாலும் உப்பு அல்லது சர்க்கரையால் அதைக் கட்டிவைப்பது. உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குச் செறிந்த உப்புநீரின் நீர்ச்செயல்பாடு ஏறத்தாழ 0.75 ஆகும். அதனால்தான் உப்பு மிகுந்த ஊறுகாய் ஈரமாக இருந்தும் கெடுவதில்லை. இவற்றுக்குத் துணையாகப் புளிப்பும் வேலை செய்கிறது. மிகக் கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் பாக்டீரியா, அமில காரக் குறியீடு 4.6-க்குக் கீழே உள்ள புளித்த உணவில் வளர்வதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உலர்ந்த பொருள் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் இடத்தில் திறந்து வைத்த நெல், நாளடைவில் 14 விழுக்காட்டை ஒட்டிய ஈரத்தில் வந்து நிற்கும். மழைக்காலக் கடற்கரையில் காற்றின் ஈரம் இதைவிட மிகுதி. ஆகவே நன்றாக உலர்த்துவது பாதி வேலை. உலர்ந்ததை மூடிக் காப்பது மீதிப் பாதி.

நெல் அவித்தல்

அறுவடையின்போது நெல்லில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும். சில மாதம் வைத்திருக்க அதை 14 விழுக்காட்டுக்கும், விதைக்கென வைக்க 12 விழுக்காட்டுக்கும் குறைக்க வேண்டும். களத்தில் பரப்பி, காலால் துழாவிக் காயவைத்து, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது பழைய சோதனை. 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். ஈர நெல்லைக் காக்கும் இச்சிக்கல் காவிரிப் படுகையில் பெரிதாக இருந்ததால்தான் அதற்கென நெல் பதனிடல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்தது.

புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, மீண்டும் காயவைப்பார்கள். அவிக்கும்போது அரிசியின் மாவுச்சத்து இளகி, பிறகு இறுகுகிறது. இதனால் குத்தும்போது அரிசி நொறுங்குவது குறைகிறது. தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் பி1 அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. இதன் பயன் மலாயாவில் வெளிப்பட்டது. அங்கே தீட்டிய பச்சரிசி உண்ட தொழிலாளர்களிடையே பெரிபெரி நோய் பரவியிருந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்தது. பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் செய்த ஆய்வு, தீட்டிய அரிசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தது. சேமிப்புக்காகவும் குத்துவதற்காகவும் தோன்றிய ஒரு வழக்கம், ஒரு சத்துக்குறை நோயைப் புரிந்துகொள்ள உலகுக்கு உதவிய நிகழ்வு இது.

பயறும் செம்மண்ணும்

பயறு வகைகளுக்குப் பூஞ்சையைவிடப் பயறு வண்டே பெரிய எதிரி. இவ்வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு, மணியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். புழு மணிக்குள் குடைந்து வளர்ந்து, வட்டத் துளையிட்டு வெளியேறும். அடுத்த தலைமுறையின் முட்டைகள் சேமித்த மணியின்மேலேயே இடப்படும்.

இதற்குத் தமிழக உழவர்கள் கண்ட வழிகளில் ஒன்று செம்மண் கட்டுதல். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்தால், மணியைச் சுற்றி மண் உறை உண்டாகி, வண்டு முட்டையிடுவது தடைப்படும். சமைப்பதற்கு முன் கழுவினால் மண் போய்விடும். மற்றொரு வழி எண்ணெய் தடவுதல். ஒரு கிலோ பயறுக்கு 5 முதல் 10 மில்லி வரை விளக்கெண்ணெய் அல்லது வேறு சமையல் எண்ணெய் தடவினால், இட்ட முட்டை மூச்சடைத்து அழியும். உடைத்துப் பருப்பாக்கி வைப்பதும் வண்டின் தாக்குதலைக் குறைக்கும். வேப்பிலையும் நொச்சி இலையும் போடுவது வழக்கம். அவை உலர்ந்த இலைகளாக இருக்க வேண்டும். பச்சை இலை போட்டால் அதன் ஈரமே தானியத்துக்குப் போகும்.

செம்மண்ணின் உதவி பலாக்கொட்டைக்கும் உண்டு. நெல்லும் பயறும் போல அதை முழுதாக உலர்த்திவிட்டால் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். எனவே மண் பூசியோ, மணலில் புதைத்தோ நிழலில் வைத்துச் சில மாதம் பயன்படுத்துவர். குழம்புக்கும் பொரியலுக்கும் அது ஆடி, ஆவணி வரை உதவும்.

வற்றல், வடகம், அப்பளம்

காய்களில் 85 முதல் 95 விழுக்காடு வரை நீர்தான். கொத்தவரை, கத்தரி, வெண்டை, பாகல், சுண்டைக்காய், மணத்தக்காளி ஆகியவை வற்றலுக்கு உரியவை. கொத்தவரை, கத்தரி போன்றவற்றைக் கொதிக்கும் உப்புநீரில் சில நிமிடம் போட்டு எடுத்த பிறகே காயவைப்பது வழக்கம். காயிலுள்ள நொதிகள் வெட்டிய பிறகும் வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். வெந்நீர் அவற்றை நிறுத்துகிறது.

மோர் மிளகாயின் பக்குவம் கவனிக்கத்தக்கது. கீறிய பச்சை மிளகாயை உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போடுவார்கள். மோர் வற்றும்வரை மூன்று முதல் ஐந்து நாள் இவ்வாறு நடக்கும். வெயில் இல்லாத இரவில்தான் பாதி காய்ந்த பொருள் கெடத் தொடங்கும். அந்நேரத்தில் மோரின் புளிப்பும் உப்பும் காவல் காக்கின்றன. நசுக்கிய சுண்டைக்காய்க்கும் மணத்தக்காளிக்கும் இதே முறைதான், கசப்பும் மட்டுப்படும்.

அரிசிக் கூழ் வடகத்தில் மாவை உப்பும் மிளகாயும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, ஈரத்துணியில் கரண்டியால் ஊற்றியோ, அச்சில் பிழிந்தோ காயவைப்பர். வெந்த மாவுச்சத்து காய்ந்தபின் கண்ணாடிபோல் இறுகுகிறது. சூடான எண்ணெயில் போட்டதும், உள்ளே எஞ்சியிருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகி, இளகிய மாவை ஊதிப் பெரிதாக்குகிறது. சரியாகக் காயாத வடகம் எண்ணெயில் பொரியாமல் கடுக்கென்று நிற்கக் காரணம் இதுவே. கூழில் உப்பு சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். நீர் வற்றியதும் அதே உப்பு குறைந்த எடைக்குள் அடங்கிக் கரித்துவிடும்.

உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேர்த்துத் தேய்ப்பது அப்பளம். அப்பளக்காரம் காரத்தன்மை உள்ள சோடா உப்பு. மாவைப் பிசைவதற்கு இதமாக்கி, பொரியும்போது உப்ப உதவுகிறது. பிரண்டைச் சாறு சேர்த்த அப்பளமும் உண்டு. அப்பளத்தை வெயிலில் முழுதாக முறுகக் காயவைத்தால் உடைந்துவிடும். எனவே சற்றே உலர்த்தி அடுக்கி வைப்பர். அதன் ஈரம் வற்றலைவிடச் சிறிது மிகுதி என்பதால், மழைக்காலத்தில் முதலில் பூசணம் பிடிப்பதும் அப்பளமே.

தாளிப்பு வடகம்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளின் தனிச்சுவையாகக் கருதப்படுவது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைவர். இரவில் உருண்டையாகப் பிடித்து மூடிவைத்து, பகலில் உதிர்த்துக் காயவைத்து, மாலையில் மறுபடி உருட்டுவர். இப்படிப் பல நாள் செய்யும்போது வெங்காயம் மெல்லப் புளித்து, நிறம் கறுத்து, மணம் ஏறும். விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல எளிதில் சிக்கு வாடை அடிப்பதில்லை. பூச்சிகளும் அதை விரும்புவதில்லை. குழம்போ கீரையோ கடைசியில் இதில் ஒரு சிட்டிகை எண்ணெயில் பொரித்துக் கொட்டினால் போதும்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி வழியாக இது பிரான்சுக்கும் சென்றது. பிரெஞ்சுச் சமையலில் 'வடூவான்' என்று வழங்கும் மசாலா, 'வடவம்' என்ற தமிழ்ப் பேச்சுவழக்குச் சொல்லிலிருந்து வந்தது.

ஊறுகாய்

மாவடு, மாங்காய், எலுமிச்சை, நார்த்தை, நெல்லி ஆகியவை உப்பாலும் புளிப்பாலும் காக்கப்படுகின்றன. ஒரு கிலோ மாவடுவுக்கு 150 முதல் 200 கிராம் வரை கல்லுப்பு சேர்த்து ஜாடியில் போட்டால், உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். சில நாளில் வடு சுருங்கித் தன் நீரிலேயே மூழ்கும். நாள்தோறும் ஜாடியைக் குலுக்குவதன் நோக்கம், மேலே மிதக்கும் வடுவும் உப்புநீரில் நனைய வேண்டும் என்பதே. காற்றுப் படும் இடத்தில்தான் முதலில் வெள்ளை ஆடை படியும். நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பு அடைத்து, உப்புநீரில் ஊறியபின் காயவைத்தால், அது ஊறுகாயும் வற்றலும் ஒன்றான பொருளாகும்; ஆண்டுக்கணக்கில் கெடாது.

பூண்டு ஊறுகாய் வேறு கணக்கு. மாங்காயிலும் எலுமிச்சையிலும் இயல்பாகவே புளிப்பு உண்டு. பூண்டில் அது போதாது. வெறும் எண்ணெயில் பூண்டைப் போட்டு வெளியே வைத்தால், எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத இடம் கிடைத்துப் போட்டுலினம் வளர வாய்ப்புண்டு. அது வளர்ந்ததை மணமோ நிறமோ காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. எனவே பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர்ப்பது சுவைக்காக மட்டும் அல்ல.

கருவாடு

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன் குறையும் அந்த இரண்டு மாதத்திலும், படகு போகாத புயல் நாட்களிலும் கருவாடே குழம்புக்குக் கைகொடுக்கிறது. நெத்திலி, சென்னாக்குனி போன்ற சிறியவை உப்பில்லாமலே ஒன்றிரண்டு நாளில் காயும். பெரிய மீனைக் கீறிக் குடல் நீக்கி, மூன்று முதல் நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் உப்பிட்டு, நீர் இறங்கியபின் காயவைப்பர்.

மணலில் பரப்பிக் காயவைப்பதைவிட, தரையிலிருந்து உயர்த்திய வலைப் பரணில் காயவைப்பது நல்லது. மேலும் கீழும் காற்றோடுவதால் விரைவில் உலரும், மணலும் ஒட்டாது. உப்பு மீனில் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்தால், உப்பிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர் பெருகிவிட்டது என்று பொருள். அதை விலக்க வேண்டும்.

இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தபின் பனிக்கட்டி இல்லாமல் நெடுநேரம் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது முகச்சிவப்பு, தடிப்பு, தலைவலி ஆகியவற்றைத் தரும். பின்னர் உப்பிட்டாலும், காயவைத்தாலும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. விற்காமல் நின்றுபோன மீனைக் கருவாடாக்கி ஈடுகட்டுவது இதனாலேயே தவறு. நல்ல மீன்தான் நல்ல கருவாடாகும்.

மணிலா, முந்திரி, பலா

இவ்வட்டாரத்தில் மல்லாட்டை என்று வழங்கும் மணிலா, இரு பருவங்களில் விளைகிறது. மார்கழியில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் பிடுங்குவது இறவை. அது வெயிலில் எளிதாகக் காயும். ஆடியை ஒட்டி விதைத்த மானாவாரி மணிலா, மழை தொடங்கும் ஐப்பசியை ஒட்டிக் கைக்கு வரும். அதைக் காயவைப்பதில்தான் ஆபத்து உள்ளது.

ஈரமான மணிலாவில் ஆஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதியில் பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறிய அளவில் நீண்டநாள் உட்கொண்டால் கல்லீரல் புற்றுநோய்க்கும் இது காரணமாகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் இது முழுதாக அழிவதில்லை.

ஆகவே மணிலாவை ஓட்டோடு காயவைத்து, குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் பக்குவத்தில் எடுத்துவைக்க வேண்டும். ஓடு உடைந்தது, சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் கண்டது ஆகியவற்றைப் பொறுக்கி விலக்க வேண்டும். அவற்றைச் செக்குக்குக் கொடுப்பதும் மாட்டுக்குப் போடுவதும் தவறு. மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பால்வழி மனிதருக்கே திரும்பும்.

முந்திரிக்கொட்டையை வெயிலில் காயவைத்தால் ஓட்டோடு ஓராண்டுக்கு மேலும் இருக்கும். அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; உடைப்பவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வது இதனால்தான். ஆனால் கொட்டையைத் தாங்கும் முந்திரிப்பழம் ஒரு நாளுக்குமேல் நிற்காது. அதில் பெரும்பகுதி தோப்பிலேயே வீணாகிறது. பலாச்சுளையை வறுவலாகப் பொரிக்கலாம். வெல்லப்பாகில் கிண்டி வைக்கலாம். பாகில் சர்க்கரையும், வறுவலில் வறட்சியும் காவலாகின்றன. பலாவுக்கும் காய்களுக்குமான ஆய்வைப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும், மணிலா, முந்திரிக்கான ஆய்வை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையமும் நடத்துகின்றன. இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

எடுத்துவைத்தபின் கவனிக்க வேண்டியவை

வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. ஆறும்போது உள்ளே நீர் கோத்து, மூடியின் அடிப்பக்கம் முத்துமுத்தாக நிற்கும். முற்றிலும் ஆறவைத்து, உலர்ந்த கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஊறுகாயில் ஈரக்கரண்டி போடக் கூடாது என்ற வீட்டு விதி வெறும் சாத்திரம் அல்ல. கரண்டியின் நீர் மேற்பரப்பில் உப்பின் செறிவைக் குறைத்து, அந்த இடத்தில் மட்டும் பூஞ்சைக்கு வழிவிடுகிறது. பெரிய ஜாடியிலிருந்து வாரத்துக்குத் தேவையானதைச் சிறு பாத்திரத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. ஆடி வெயிலிலும் புரட்டாசி வெயிலிலும் வற்றல், பருப்பு, மிளகாய், புளி ஆகியவற்றை மறுபடி ஒரு நாள் காயவைப்பது, மழைக்கு முன் செய்யும் கடைசிச் சோதனையாகும்.

பூசணம் பிடித்த பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை வெயிலில் போட்டு எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெயில் பூசணத்தை உலர்த்தும். அது விட்டுச்சென்ற நஞ்சை நீக்காது. மணிலா, மிளகாய், தானியம் ஆகியவற்றில் இப்பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

சேமித்த உணவுக்கு எல்லையும் உண்டு. உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பாலும் அழிகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல் எல்லாவற்றிலும் உப்பு மிகுதி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வேளையில் இவற்றில் இரண்டு சேர்ந்தால் அந்த அளவில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துவது நல்லது. உப்பைக் குறைத்து ஊறுகாய் போட விரும்புவோர், அது பழைய ஊறுகாயைப்போல வெளியே நிற்காது என்பதை நினைவில் வைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

இன்றைய நிலை

குளிர்பெட்டியும் அன்றாடச் சந்தையும் வந்தபின் வீட்டுச் சேமிப்பின் தேவை குறைந்துள்ளது. மொட்டைமாடி இல்லாத வீடுகள், வேலைக்குச் செல்லும் பெண்கள், கூடி உழைக்க ஆளில்லாத சிறு குடும்பங்கள் ஆகியவையும் காரணங்கள். வடகம் பிழிவதும் அப்பளம் இடுவதும் முன்பு ஒரு தெருவுப் பெண்கள் சேர்ந்து செய்த வேலைகள். இன்று அவ்வேலையின் ஒரு பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் சென்றுள்ளது. விற்பனைக்காகச் செய்வோர், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவு பெற வேண்டும்.

ஆனாலும் இவ்வட்டாரத்தின் மழை மாறவில்லை. புயலில் மின்சாரம் நின்றால் குளிர்பெட்டியும் நின்றுவிடும். அப்போது ஒரு வீட்டைச் சில நாள் தாங்குவது அரிசியும் பருப்பும் புளியும் வற்றலும் ஊறுகாயும்தான். அவற்றை ஆண்டு முழுதுக்கும் சேர்க்க இன்று தேவையில்லை. ஐப்பசி பிறக்குமுன் இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெள்ளநீர் எட்டாத உயரத்தில் வைத்திருந்தால் போதும்.